அரைப் புள்ளிக் கூழ்

பழைய மாணவர் சங்க மலர்க் குழுவிலிருந்து அழைப்பு வந்தபோது கிரிக்கெட்டைப் பற்றி எழுதச் சொல்லப் போகிறார்கள் என்று பயந்தேன். கல்லூரிக்காக நான் ஒருநாளும் மட்டை பிடித்ததில்லை. எல்லைக்கு வெளியே விழுந்த பந்தை எடுத்துக் கொடுத்ததுதான் என் பங்கு. "நீ அந்த நண்டுக் கதையை எழுதித் தா மச்சான்" என்றார்கள். முப்பது வருடத்துக்கு மேலாகியும் ஒன்றுகூடல்களில் யாராவது ஒருவர் அதைத் தொடங்காமல் விடுவதில்லை. சொல்லச் சொல்ல நண்டும் பெருத்துக்கொண்டே போகிறது. நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது.

1993. நான் ஆண்டு 10. யாழ்ப்பாணத்து வடமராட்சியில் மின்சாரம் நின்று மூன்று வருடம். பொருளாதாரத் தடையில் பற்றறி வராது, மண்ணெண்ணெய் அளந்துதான் கிடைக்கும், சீனியைக் காண்பதே அருமை. ஒரு துண்டுப் பனங்கட்டியை உள்ளங்கையில் வைத்துக் கடித்துக் கடித்துத்தான் தேத்தண்ணீர் குடித்தோம். இந்த நிலைமையில் எங்களுக்குப் பொது அறிவுப் பைத்தியம் பிடித்திருந்தது. பிடிக்க வைத்தவர் புவியியல் படிப்பித்த சேர்.

எங்களிடம் இருந்தது ஒரேயொரு பொது அறிவுப் புத்தகம். அதில் சோவியத் ஒன்றியம் இன்னும் உயிரோடு இருந்தது. சேர் அதை வெட்டிவிட்டு, பிரிந்துபோன பதினைந்து நாடுகளையும் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதி வைத்திருந்தார். மிச்ச உலகம் எல்லாம் எங்களுக்கு றேடியோவால் வந்ததுதான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோவுக்குக் கொடுப்போம். தம்பி பெடலைக் கையால் சுற்றுவான். அவன் களைத்தால் செய்தி வாசிப்பவரும் களைத்துப் போவார். எரித்திரியா தனி நாடான செய்தி வந்த அன்று, தலைநகரின் பெயரைச் சொல்லும் நேரம் பார்த்து அவனுக்குக் கை உளைந்துவிட்டது. "அஸ்" என்பது வரைக்கும்தான் கேட்டது. மறுநாள் சேரைக் கேட்டுத்தான் அது அஸ்மாரா என்று தெரிந்துகொண்டேன்.

கல்லூரி இல்லங்களுக்கு இடையிலான பொது அறிவுப் போட்டி பிரதான மண்டபத்தில் நடந்தது. தங்கத் தாத்தா என்று அழைக்கப்பட்டவர் யார் என்றார்கள். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் என்று மணி அடித்துச் சொன்னேன். அடுத்த கேள்வியைச் சேர் தானே எழுந்து வந்து கேட்டார்.

"ஒடியற் கூழில் போடுகிற சாமான்களில் கடல் கடந்து வந்தவை இரண்டைக் கூறுக."

யோசிக்கவே இல்லை. எழுந்து நின்று, "நண்டும் இறாலும், சேர்!" என்றேன்.

மண்டபம் இடிந்து விழாத குறை. அதிபர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். சேர் மட்டும் சிரிக்கவில்லை. "அவன் சொன்னதில ஒரு நியாயம் இருக்கு. ஆனா அது கடலால வந்தது, கடல் கடந்து வந்ததில்லை" என்று சொல்லி, கேள்வியை அடுத்த இல்லத்துக்குக் கொடுத்தார். அங்கேயும் விடை வரவில்லை. அதை மட்டும் இன்றுவரை ஒருவரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை!

அந்தச் சனிக்கிழமை சேர் எங்கள் நாலு பேரைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். கூழ் காய்ச்சப் போவதாகச் சொன்னார். உண்மையில் அது வகுப்புத்தான்.

முற்றத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு. பெரிய பானை. சேரின் தாயார், எங்களுக்கு ஆச்சி, ஒடியல் மாவை ஒரு சட்டியில் தண்ணீர் விட்டு ஊற வைத்திருந்தார். மா அடியில் படிய, மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரைச் சரித்து ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவார். அப்படிச் செய்தால்தான் கயர் போகும். அவசரப்பட்டால் கூழ் தொண்டையைப் பிடிக்கும். ஒடியலுக்கும் புழுக்கொடியலுக்கும் என்ன வித்தியாசம் என்று எங்களில் ஒருவன் கேட்டுத் திட்டு வாங்கினான். பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவிட்டால் ஒடியல், அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். கூழுக்கு ஒடியல் மா. புழுக்கொடியலைத் தேங்காய்ச் சொட்டோடு சேர்த்து நேரே கடிக்கலாம், பல் இருந்தால்.

பிறகு சேர் ஒரு சுளகை நடுவில் வைத்து, கூழுக்கு வைத்திருந்த சாமான்களை அதில் பரப்பச் சொன்னார். செத்தல் மிளகாயை எடுத்து ஒரு பக்கம் வைத்தார்.

"இது அமெரிக்கா."

மெக்சிக்கோப் பக்கத்தில் மனிதர் பயிரிட்டுப் பழக்கிய செடி அது. 1492இல் கொலம்பசு அந்தப் பக்கம் போய்ச் சேரும் வரை ஆசியாவில் ஒரு மிளகாயும் இல்லை. 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்தார், 1505இல் போர்த்துக்கீசர் இலங்கைக்கு வந்தனர், அவர்களின் கப்பல்களோடு மிளகாயும் வந்தது. அதற்கு முன் எங்களுக்குக் காரம் என்றால் மிளகு. புதிதாக வந்த காய் மிளகைப் போல உறைத்ததால் மிளகாய் ஆனது. "ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்தில நல்லூர் அரண்மனைக் குசினியைத் தலைகீழாய்க் கொட்டினாலும் ஒரு செத்தல் மிளகாய் விழாது" என்றார் சேர். சிவப்பில்லாத கூழைக் குடிக்கும் அரசனை எங்களால் கற்பனை செய்யவே முடியவில்லை.

மரவள்ளிக் கிழங்கும் அந்தப் பக்கம் போனது. அது தென் அமெரிக்கா. பழப்புளியை எடுத்தபோது ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "புளியுமோ?" புளியமரத்தின் பூர்வீகம் ஆபிரிக்கா. எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே எங்கள் பக்கம் வந்து வேர்விட்டதால், அராபியரே அதை இந்தியப் பேரீச்சை என்று நினைத்து அப்படிப் பெயர் வைத்தார்கள். ஆங்கிலப் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். பயற்றங்காயின் பூட்டன் பூட்டியும் ஆபிரிக்கர். சுளகின் இந்தப் பக்கத்தில் மிஞ்சியவை ஒடியல், பலாக்கொட்டை, முருங்கையிலை. பலா மேற்குத் தொடர்ச்சி மலைக்காரன். மலையாளத்துச் சக்கையைப் போர்த்துக்கீசர் தங்கள் வாயில் போட்டு மென்றதில்தான் ஆங்கிலத்து ஜாக் பிறந்தது.

ஆச்சி அகப்பையோடு வந்து சுளகைப் பார்த்தார். "அப்ப நான் என்னத்தைக் காய்ச்சிறது?"

"பொறுங்கோ அம்மா" என்று சேர் இன்னும் ஏத்திவிட்டார். குசினி, கோப்பை, அலுமாரி, வாங்கு, பாண், எல்லாம் போர்த்துக்கீசம். போஞ்சியும் கந்தோரும் ஒல்லாந்தம். ஆச்சி ஒன்றும் பேசவில்லை. சுளகை அப்படியே தூக்கி, இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் பானைக்குள் கொட்டப் போனார். சேர் ஓடிப் போய்ச் செத்தல் மிளகாயை மட்டும் காப்பாற்றினார். அதை அரைக்க வேண்டுமே!

பலாக்கொட்டையும் மரவள்ளியும் பயற்றங்காயும் முதலில் அவிந்தன. பிறகு மீன் தலை, நண்டு, இறால். கடைசியில் ஒடியல் மாவையும் புளியையும் அரைத்த மிளகாயையும் கரைத்து விட்டார். துழாவத் துழாவப் பானை தடித்துக் குமிழி விட்டது. பிலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தித் தந்தார்கள். என் முறை வந்தபோது ஆச்சி நண்டுக் காலாகத் தேடிப் போட்டு, "இந்தா, கடல் கடந்து வந்தது" என்றார். கதை வீடுவரை போயிருக்கிறது!

அந்த வருடக் கடைசியில் யாழ்ப்பாணம் பட்டினத்தில் பெரிய போட்டி. சேரும் நாங்கள் நாலு பேருமாக, மடித்த கடதாசிப் பைக்குள் பருத்தித்துறை வடையோடு, விடியமுன் சைக்கிளில் வெளிக்கிட்டோம். வல்லை வெளியில் காற்று பிடித்துத் தள்ளியது. போட்டி நன்றாகவே போனது. எரித்திரியாவின் தலைநகர் கூடக் கேட்டார்கள். கடைசிச் சுற்றில், "மிளகாயின் தாயகம் எது?" என்று வந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "மெக்சிக்கோ" என்றேன்.

"பிழை. போர்த்துக்கல்."

சேர் எழுந்து, கொண்டு வந்தவர் வேறு, பிறந்த ஊர் வேறு என்று பணிவாகவே சொல்லிப் பார்த்தார். விடைத்தாளில் இருப்பதுதான் விடை என்று நடுவர் முடித்துவிட்டார். பெரிய மனது பண்ணி அரைப் புள்ளி தந்தார்கள். நாங்கள் தோற்றதும் அரைப் புள்ளியால்தான்.

திரும்பி வரும்போது ஒருவரும் பேசவில்லை. வல்லை வெளியில் எதிர்க்காற்று. முன்னால் மிதித்துக்கொண்டிருந்த சேர் திடீரென்று, ஹாண்டிலை விட்டு ஒரு கையைத் தூக்கி, "மெக்சிக்கோ!" என்று வெளியைப் பார்த்துக் கத்தினார். பிறகு ஒன்றும் நடக்காதது போல மிதித்தார்.

சேர் இப்போது இல்லை. இங்கே கனடாவில், ஸ்காபரோவில் பிலிப்பீன்காரரின் கடையில் ஊதா நிறத்தில் "உபே" என்று எழுதிய பொதியைக் கண்டபோது, அது எங்கள் இராசவள்ளிக் கிழங்கின் இனமேதான் என்று சொல்ல அவரைத்தான் மனம் தேடியது. அவர் என்றால் கடைக்காரரையும் நிறுத்தி வைத்து வகுப்பு எடுத்திருப்பார்.

போன கோடையில் சங்கத்தின் ஒன்றுகூடலுக்கு ஒரு வீட்டுக் கராஜில் கூழ் காய்ச்சினோம். பிலாவிலைக்குப் பதிலாகக் கடதாசிக் கோப்பை. பிள்ளைகளுக்குப் பொது அறிவுப் போட்டி நடத்தும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்குத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டேன். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று சற்று யோசித்துவிட்டு, "மிளகாயையும் மரவள்ளியையும் தவிர எல்லாம், மாமா" என்றது. எனக்கு வாய் அடைத்துவிட்டது. இந்தக் கண்டத்தில் நின்று பார்த்தால் ஊர்க்காரர் அவை இரண்டும்தானே. முழுப் புள்ளி என்று அறிவித்தேன்.

அங்கேதான் பிழைத்தது. மிளகாய்த்தூள் தன் தாயார் ஊரில் இடித்து அனுப்பியது, ஆகவே அது கடலை இரண்டு தரம் கடந்திருக்கிறது என்று முன்னாள் தலைவர் ஒருவர் எழும்பினார். நண்டு வன்கூவரிலிருந்து லொறியில் வந்தது, அது எந்தக் கடலையும் கடக்கவில்லை என்று இன்னொருவர். பிள்ளைக்கு அரைப் புள்ளி குறைக்க வேண்டுமா இல்லையா என்று கூழ் ஆறும் வரை வாதாடினார்கள். விஷயம் அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்கு வருகிறது.