நடுவில் ஒரு 91

நுரையீரல் பாதித்த ஒருவருக்குப் போன் வழியாக உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தபோது எழுதிய அந்த நான்கு நாள் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. அவர் போனில் சொன்ன ஆக்சிஜன் அளவு: 92, 92, 91, 92. பக்கத்துக் கட்டத்தில் மூச்சிரைப்பு அளவு: 4, 4, 4, 4. மூன்றாம் நாள் அந்த 91ஐ எழுதிக்கொண்டே, "பரவாயில்லைங்க ஐயா, நல்லா போகுது" என்றேன். "சரிம்மா" என்றார்.

ஐந்தாம் நாள் மகள்தான் போனை எடுத்தார். "விரல்ல மாட்டி ஆக்சிஜன் பாக்குற அந்த மெஷின் நாலு நாளா ஓடலைங்க. பேட்டரி போயிடுச்சு. அப்பா உங்ககிட்ட சொல்லலையா?"

நான்கு எண்களையும் அவரே யோசித்துச் சொல்லியிருக்கிறார். நான் நம்ப வேண்டும் என்று நடுவில் ஒரு 91 வேறு. எனக்கு வலித்தது அந்த 91தான்.

டிபி மாத்திரையை முழுசாக முடித்தவர். சளியில் கிருமி இல்லை, குணமாகிவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். நுரையீரலில் தழும்பு அப்படியே இருந்தது. வாரம் இரண்டு நாள் பஸ் ஏறி வந்தால் அவர் கூலியும் போகும், கூட வருபவரின் கூலியும் போகும். அதனால்தான் போன் வழிப் பயிற்சி. வீடியோ பெரும்பாலும் மூன்றாவது நிமிடத்தில் நின்றுவிடும், அப்புறம் வெறும் குரல்தான். முதல் நாள் எங்களிடம் வந்து ஆறு நிமிட நடைச் சோதனை செய்தபோது ஆக்சிஜன் 95இலிருந்து 87க்கு இறங்கியது. அப்படிப்பட்டவரைக் கருவி இல்லாமல் விட முடியாது என்று எனக்குத் தெரியும். "88க்குக் கீழே போனா உடனே நிறுத்திடணும் ஐயா" என்று ஒவ்வொரு அழைப்பிலும் சொன்னேன்.

இரண்டாவது வாரம் ஒருநாள் 86 என்றார். உட்காரச் சொன்னேன். முன்னால் சாய்ந்து, கைகளைத் தொடையில் ஊன்றி, உதட்டைக் குவித்து மெதுவாக ஊதச் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் 93. "இன்னைக்கு இது போதும்" என்று முடித்துவிட்டேன். என்னைப் பொறுத்தவரை விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது.

வீட்டில் முடியவில்லை. "ஏன் ஐயா சொல்லலை?" என்று நான் கேட்டதற்குக் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னார்: "அன்னைக்கு நீங்க நிறுத்தச் சொன்னதுல இருந்து வீட்ல என்னை எழுந்திரிக்கவே விடலைம்மா. தண்ணி மொண்டு குடிக்கக்கூட விடலை. மூணு நாள் கட்டில்லயே கிடந்தேன். நம்பர் நல்லா இருந்தாத்தான் நடக்க விடுறாங்க."

அதற்கு நான் என்ன சொன்னேன்? "இனிமே உண்மையைச் சொல்லுங்க ஐயா." அவ்வளவுதான். மகளைக் கூப்பிட்டு, உடம்பை அசைத்தால் மூச்சு வாங்கத்தான் செய்யும், அதுவே ஆபத்து இல்லை, படுத்தே கிடந்தால் கால் தசை கரைந்து இதைவிட மோசமாகும் என்று அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். அந்த வீட்டுக்கு எப்போது நிறுத்துவது என்று மட்டும்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். மறுபடி எப்போது எழலாம் என்று சொல்லவே இல்லை.

ஆனாலும் என் பயம் நியாயமானது. 87க்கு இறங்கிய மனிதர். ஏதாவது ஆகியிருந்தால்? அதே சமயம், கருவி காட்டுவதும் முழு உண்மை இல்லை. கருத்த தோலில் அது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பது 2020இல் வந்த அமெரிக்க ஆய்வுக்குப் பிறகு பரவலாகப் பேசப்பட்ட விஷயம்தான். அந்த நான்கு நாளும் என் காது வேலை செய்துகொண்டுதானே இருந்தது? வாக்கியத்தை முடிக்க முடிகிறதா, இடையில் எத்தனை முறை மூச்சு எடுக்கிறார் என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். தப்பாக எதுவும் படவில்லை. அது என் காதின் திறமையா, 92 என்று கேட்டதும் காதும் சமாதானமாகிவிட்டதா? இதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

இப்படிப் போன், வீடியோ வழியாகச் செய்யும் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி நேரில் வந்து செய்வதற்குக் கிட்டத்தட்ட இணையான பலன் தருகிறது, பாதுகாப்பிலும் குறையில்லை என்று 2021இல், பல ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு சொன்னது. அதை நம்பித்தான் இந்த வேலையைச் செய்கிறேன், இப்போதும் நம்புகிறேன். ஆனால் அதில் இருந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் சிஓபிடி என்ற நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் உள்ளவர்கள், இவரைப் போல டிபி தழும்போடு இருப்பவர்கள் அல்ல. கருவியை நாங்கள் கொடுத்தோம், இரண்டு பேட்டரி யார் பொறுப்பு என்று நாங்கள் யாருமே யோசிக்கவில்லை.

பேட்டரி வரும்வரை நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி வேண்டாம், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் வீட்டுக்குள் நடங்கள் என்றேன். கேட்டாரா என்று தெரியாது. எட்டாவது வாரம் ஒரு நிமிட நாற்காலிச் சோதனை வைத்தோம், மகள் கேமராவைப் பிடித்துக்கொண்டார். முதலில் 11 தடவை எழுந்தவர் 16 தடவை எழுந்தார். ஆக்சிஜன் 88க்குக் கீழே போகவில்லை. மூன்று கூடினாலே பொருட்படுத்த வேண்டிய முன்னேற்றம் என்பார்கள், இவருக்கு ஐந்து. என் கட்டுப்பாட்டாலா, அவர் அதை மீறியதாலா?

அந்த நான்கு எண்களையும் நான் அடிக்கவில்லை. பக்கத்தில் "கருவி இயங்கவில்லை" என்று மட்டும் எழுதினேன். புதிதாக வருபவர்களிடம் இப்போது முதலில் எண்ணைச் சொல்வதில்லை, ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாவிட்டால் உட்காருங்கள் என்கிறேன். போன வாரம் ஒரு நோயாளியின் மனைவி கேட்டார்: "எவ்வளவுக்குக் கீழே போனா பயப்படணுங்க?"

88 என்றேன். "இருங்க, எழுதிக்கிறேன்" என்று பேனா தேடப் போனார்.