நெஞ்சு பதைப்பதும் கை நீள்வதும்

ஜூன் 1, 2025, ஞாயிறு

மென்சியஸில் அந்தக் கிணற்றுப் பகுதியை மறுபடி படித்தேன். கி.மு. நான்காம் நூற்றாண்டுச் சீனத்து மனிதர், கன்பூசியஸ் வழியில் வந்தவர். கிணற்றில் ஒரு குழந்தை விழப்போகிறது. அதைத் திடீரென்று பார்க்கிற எவனுக்கும் நெஞ்சு பதைக்கும் என்கிறார். பெற்றோரிடம் நல்ல பெயர் வாங்கலாம் என்றோ, ஊரும் நண்பர்களும் மெச்சுவார்கள் என்றோ அல்ல. சும்மா பதைக்கும். மனிதன் இயல்பில் நல்லவன் என்பதற்கு அவர் காட்டும் முளை அதுதான்.

இதை எடுத்துச் சொல்கிற பலர், அவன் ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்குவான் என்று சேர்த்துவிடுகிறார்கள். மூலத்தில் தூக்குவது கிடையாது. பதைப்போடு நின்றுவிடுகிறார். வேண்டுமென்றேதான் நிறுத்தியிருப்பார் என்று படுகிறது. அடுத்த நொடி கணக்கு வந்துவிடும்: ஆழம் எவ்வளவு, எனக்கு நீச்சல் வருமா, பக்கத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா. கணக்குக்கு முந்தைய நொடியைப் பற்றி மட்டும்தான் அவர் பேசுகிறார்.

ஜூன் 4, புதன்

எதிர்க்கட்சி வக்கீல் என்று ஆங்கிலத் தத்துவவாதி ஹாப்ஸை எடுத்தேன். ஸ்பெயின் கப்பற்படை வருகிறது என்று இங்கிலாந்தே பீதியில் இருந்த 1588 ஏப்ரலில் பிறந்தவர். 'என் தாய் இரட்டைப் பிள்ளை பெற்றாள், ஒன்று நான், மற்றது பயம்' என்று வயதான காலத்தில் தன் வரலாற்றைச் செய்யுளில் எழுதியபோது சொல்லிக்கொண்டார். உள்நாட்டுப் போர் நடந்த காலத்தைப் பாரிஸில் கழித்தார். 1651ல் வந்த 'லெவையதன்' நூலில் இருக்கிறது, எல்லோரும் அறிந்த அந்த வரி: அரசு என்று ஒன்று இல்லாவிட்டால் மனித வாழ்க்கை தனிமை, வறுமை, அருவருப்பு, மிருகத்தனம், அற்ப ஆயுள்.

அந்த வரியைவிட எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்தாற்போல் வருகிற கேள்வி. மனிதர்களை இப்படிக் கேவலமாகச் சொல்லலாமா என்று கோபப்படுகிறவனைப் பார்த்துக் கேட்கிறார்: பயணம் போகும்போது ஆயுதமும் துணையும் தேடுகிறாயே, தூங்கப் போகும்போது கதவைப் பூட்டுகிறாயே, வீட்டுக்குள்ளேயே பெட்டியைப் பூட்டுகிறாயே, உன் பிள்ளைகளையும் வேலைக்காரர்களையும் பற்றி என்ன நினைத்து அப்படிச் செய்கிறாய்? நான் வாயால் சொன்னதை நீ செயலால் சொல்கிறாய், அவ்வளவுதானே?

இன்று மாலை எங்கள் அடுக்ககத்தில் சிசிடிவி வைப்பது பற்றிக் கூட்டம். மூன்றாம் மாடியில் வாசலில் கழற்றிவிட்ட புதுச் செருப்பு காணாமல் போயிருக்கிறது. "நம்ம ஆளுங்களையே சந்தேகப்படறதா?" என்று ஒருவர் குதித்தார். அவர் வீட்டு வாசலில் இரும்பு கிரில், அதில் திண்டுக்கல் பூட்டு, உள்ளே மரக்கதவு, அதற்கு மேலும் கீழும் தாழ்ப்பாள். நான் வாயைத் திறக்கவில்லை. கேமரா வருகிறது.

ஜூன் 5, வியாழன்

ஹாப்ஸை அறிந்தவரான ஜான் ஆப்ரி ஒரு சம்பவத்தைக் குறித்துவைத்திருக்கிறார். லண்டன் ஸ்ட்ராண்ட் தெருவில் ஒரு நோயாளிக் கிழவர் கை நீட்டுகிறார். ஹாப்ஸ் இரக்கத்தோடு பார்த்து, பையில் கைவிட்டு ஆறு பென்ஸ் எடுத்துக் கொடுக்கிறார். பக்கத்தில் நின்ற பாதிரியார் விடவில்லை: கிறிஸ்துவின் கட்டளை இல்லாவிட்டாலும் கொடுத்திருப்பீரா? கொடுத்திருப்பேன். ஏன்? அந்தக் கிழவரின் நிலையைப் பார்த்து எனக்கு வேதனையாக இருந்தது. என் காசு அவருக்குக் கொஞ்சம் ஆறுதல், எனக்கும் ஆறுதல்.

படித்ததும் குறள் 224 வாய்க்கு வந்துவிட்டது.

இன்னா திரக்கப் படுதல் இரந்தவர்
இன்முகங் காணும் அளவு.

பிச்சை கேட்பது மட்டுமல்ல, கேட்கப்படுவதும் துன்பம்தான், கேட்டவர் முகம் மலர்வதைப் பார்க்கும் வரை. ஸ்ட்ராண்ட் தெருவில் நடந்தது அப்படியே இதுதான். ஹாப்ஸ் அதைத் தன் வலி தீர்த்துக்கொண்டது என்று கணக்கெழுதுகிறார். மென்சியஸ் அந்த வலியையே அறத்தின் முளை என்கிறார். வள்ளுவர் அதற்கு எந்தத் தலைப்பும் கொடுக்காமல், அந்த முகத்தோடு நிறுத்திக்கொள்கிறார். எதிரெதிர் அணி என்று பாடப்புத்தகம் பிரித்துவைத்தவர்கள் ஒரே சாட்சியைத்தான் கூண்டில் ஏற்றுகிறார்கள்.

கேலிக்காரர்கள் ஹாப்ஸை விடவே இல்லை. அவரோ எழுபது தாண்டியும் டென்னிஸ் ஆடி, ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு நுரையீரலுக்கு நல்லது என்று பாட்டுப் பாடி, 91 வயது வரை இருந்தார். அற்ப ஆயுள்!

ஜூன் 8, ஞாயிறு

மென்சியஸில் இன்னொரு இடம். சீ நாட்டு மன்னர் சுவான் அரண்மனையில் உட்கார்ந்திருக்கிறார். கீழே ஒரு மாட்டை இழுத்துப் போகிறார்கள், புது மணிக்கு ரத்தம் பூச. அதன் மிரட்சியைத் தாங்க முடியவில்லை, விட்டுவிடுங்கள் என்கிறார் மன்னர். சடங்கை நிறுத்திவிடலாமா? அதெப்படி, மாட்டுக்குப் பதில் ஒரு ஆடு கொண்டுவாருங்கள். ஊர், ராஜா கஞ்சன், விலை குறைந்த உருப்படியாய் மாற்றிவிட்டார் என்று பேசியது. மன்னருக்கே தான் ஏன் அப்படிச் செய்தோம் என்று விளங்கவில்லை. மென்சியஸ் சொல்கிறார்: மாட்டைப் பார்த்தீர்கள், ஆட்டைப் பார்க்கவில்லை.

காலையில் கறிக்கடைக்குப் போனபோது இதுதான் ஓடியது. கடைக்குப் பக்கவாட்டில் மின்கம்பத்தில் ஒரு கிடாய், வாயில் பாதி மென்ற அகத்திக்கீரை. வரிசையில் நின்ற அத்தனை பேரும் தொங்குகிற தொடையைப் பார்த்து, "நெஞ்செலும்பு கொஞ்சம் சேர்த்துப் போடுங்க பாய்" என்கிறோம். கம்பத்துப் பக்கம் யாரும் திரும்பவில்லை. நான் அரைக் கிலோ வாங்கினேன். குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

மென்சியஸ் மன்னரைத் தட்டிக்கொடுத்துவிட்டு விடவில்லை என்பதையும் எழுதிவைக்க வேண்டும். உங்கள் இரக்கம் விலங்கு வரைக்கும் போகிறது, குடிமக்களுக்கு மட்டும் வந்து சேரவில்லையே, ஏன்? முடியாமல் அல்ல, நீங்கள் செய்யவில்லை. அரசவையில் நின்று கேட்டிருக்கிறார்.

ஜூன் 11, புதன்

கரண்ட் இல்லை, அதிகம் படிக்கவில்லை. சுன்சி, மென்சியஸுக்குப் பின் வந்த சீன அறிஞர்: மனித இயல்பு கெட்டது, கோணல் மரத்தை ஆவியில் வாட்டிச் சட்டத்தில் இறுக்கித்தான் நிமிர்த்த வேண்டும் என்றவர். அவரிடம் படித்த லி சு, சின் பேரரசின் முதலமைச்சராகி, கி.மு. 213ல் நூல்களை எரிக்க யோசனை சொன்னார். ஆசிரியர் சொன்ன மருந்து படிப்பும் சடங்கும். மாணவர் சட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஜூன் 13, வெள்ளி

பிரெஞ்சில் எழுதிய தத்துவவாதி ரூசோ, 1755, சமத்துவமின்மை பற்றிய கட்டுரை. இயல்பிலேயே மனிதனுக்கு இரக்கம் உண்டு, சிந்தனைதான் அதைக் கெடுக்கிறது என்கிறார். ஜன்னலுக்குக் கீழே ஒருவன் கழுத்தை அறுத்தாலும் தத்துவஞானி செய்யவேண்டியது இவ்வளவுதான்: காதைப் பொத்திக்கொண்டு தனக்குத்தானே கொஞ்சம் வாதாடிக்கொள்வது. சந்தைப் பெண்கள்தான் ஓடிவந்து சண்டையை விலக்குகிறார்கள். கூர்மையான வரி. எழுதிய மனிதர் தன் ஐந்து பிள்ளைகளையும் பிறந்த கையோடு அனாதை விடுதிக்கு அனுப்பியவர். ஏன் அனுப்பினேன் என்பதற்கு அவர் கொடுக்கிற விளக்கங்களைப் படித்தால், காதைப் பொத்துவது எப்படி இருக்கும் என்று அவருக்கு உள்ளிருந்தே தெரிந்திருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

ஜெர்மன் தத்துவவாதி ஷோப்பன்ஹவரோடு இந்த வரிசை முடிகிறது. அறத்துக்கு அடிப்படை எது என்று டென்மார்க்கின் அரச அறிவியல் கழகம் போட்டி வைத்தது. இரக்கம் ஒன்றே என்று எழுதினார், ரூசோவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு. வந்தது இந்த ஒரே கட்டுரை. 1840ல் அதற்கும் பரிசு இல்லை என்றார்கள். சமகாலத் தத்துவவாதிகளை அவர் திட்டியிருந்த விதமும் ஒரு காரணம். மனிதர் பரிசு கிடைக்காததை நூலின் முகப்பிலேயே அச்சிட்டுவிட்டார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 1821ல் பெர்லினில், தன் அறைக்கு வெளியே நின்று பேசிக்கொண்டிருந்த கரோலின் மார்கே என்ற தையற்காரியை, சத்தம் பொறுக்காமல் பிடித்து வெளியே தள்ளினார். வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. அவள் சாகும்வரை காலாண்டுக்குப் பதினைந்து தாலர் (அந்நாளைய ஜெர்மன் நாணயம்) கொடு என்று தீர்ப்பு. இரக்கமே அறத்தின் வேர் என்று எழுதிய நாட்களிலும் அந்தப் பணம் போய்க்கொண்டிருந்தது. அவள் இறந்தபோது லத்தீனில் நாலு சொல் எழுதிவைத்தார்: கிழவி போனாள், பாரம் போயிற்று. மூலத்தில் எதுகையோடு இருக்கிறது.

போலி என்று மூடிவைக்கலாம் என்றால் மனது வரவில்லை. அந்தக் கட்டுரையில், பிறர் வலி எப்படி என் வலியாகிறது என்பது மர்மம் என்றே ஒப்புக்கொள்கிறார். ஹாப்ஸைப்போல் லாப நஷ்டக் கணக்கில் கரைத்துவிடுவதில்லை. அறிவுரையால் ஒருவன் குணம் மாறாது என்கிறார். தானும் மாறவில்லை. தையற்காரி விவகாரத்துக்கு முன்பே, 1819ஆம் ஆண்டிட்டு வந்த தன் பெரிய நூலில், ஞானி தத்துவவாதியாக இருக்கவேண்டியதில்லை, தத்துவவாதி ஞானியாக இருக்கவேண்டியதில்லை என்று எழுதி முன்ஜாமீனும் வாங்கியிருந்தார்.