மார்கழியில் நனைந்த ஜமக்காளம்

சென்ற மார்கழியில், ஈரோட்டில் உள்ள எங்கள் வீட்டு ஆசாரத்தில் (கூடத்தில்) தண்ணீர்க் குடம் சரிந்து, அம்மா தன் திருமணச் சீராகக் கொண்டுவந்த பவானி ஜமக்காளம் முழுவதும் நனைந்துவிட்டது. புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கைத்தறி விரிப்பு தடித்த பருத்தி நூலால் நெய்யப்படுவதால், நீரை ஏராளமாக உறிஞ்சிக்கொள்ளும். குளிர்ந்த காற்றோ குறைந்த ஈரத்தையே ஏந்தக்கூடியது. ஆகவே, கோடையில் ஒரு பகலில் உலர்வது மார்கழியில் இரண்டு மூன்று நாள் இழுத்துவிடும்.

முறுக்கிப் பிழிந்தால் நெசவு கோணிவிடும் என்பதால், உலர்ந்த துண்டுகளைப் பரப்பி, ஜமக்காளத்தோடு சேர்த்துச் சுருட்டி, அதன்மேல் மெதுவாக மிதித்து நீரை எடுத்தேன். இதில் காட்டும் பொறுமையே பாதி வேலையை முடித்துவிடுகிறது என்று உறுதியாக நம்புகிறேன். ஒற்றைக் கொடியில் மடித்துப் போட்டால் உட்பக்கங்கள் ஒட்டிக்கொண்டு பூசண வாடை வந்துவிடும். எனவே, முழ இடைவெளியில் கட்டிய இரண்டு கயிறுகளின்மேல் போட்டு, சன்னல்களைத் திறந்து, மின்விசிறியை ஓடவிட்டேன். பனி விலகிய பிறகு, காலை 10 மணிக்கு மேல் மொட்டை மாடியில் காயவைத்து, பொழுது சாயும் முன்பே உள்ளே கொண்டுவந்தேன். பனியில் விட்டால், காய்ந்த பருத்தி மீண்டும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

மூன்றாம் நாள், ஜமக்காளத்தின் கரையோரத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தபோது குளிர்ச்சி தட்டவில்லை. அதன் பிறகே அம்மா அதை மடித்துப் பெட்டியில் வைக்கச் சம்மதித்தார்.