ஆட்டின் உணவுக்குழாயில் வரித்தசை: குன்னூரில் நுண்ணோக்கியோடு

எலும்புத் தசை, மென்தசை, இதயத் தசை என்று மூன்று படங்கள் பள்ளிப் புத்தகத்தில் அடுத்தடுத்து இருக்கும். அவற்றை வீட்டு நுண்ணோக்கியில் நம் கண்ணாலேயே பிரித்தறிய முடியுமா என்று பார்க்கத்தான் இதில் இறங்கினேன். பொருளெல்லாம் குன்னூர் மார்க்கெட் கறிக்கடையில் கிடைத்தவை.

சுலபமானது கோழிக்கால். வேகவைத்த கறியில் ஒரு மெல்லிய நாரை எடுத்து, ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, இரண்டு ஊசிகளால் பிரித்துக்கொண்டே போக வேண்டும். இழை முடியைவிட மெலிதாகும்வரை விடக்கூடாது. 40 எக்ஸ் லென்ஸில் குறுக்கு வரிகள் தெரியும். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி சுமார் 2 மைக்ரான்தான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அதனால் சாயத்தைவிட ஐரிஸ்தான் முக்கியம் என்பேன். மேடைக்கு அடியில் இருக்கும் அந்த ஒளித்துளையைப் பாதிக்கு மேல் மூடினால், வெறும் வெள்ளையாக இருந்த இழையில் வரிகள் எழுந்து வரும். 17-ஆம் நூற்றாண்டிலேயே டச்சு நுண்ணோக்கியாளர் லீவன்ஹூக் தன் ஒற்றை லென்ஸில் இந்த வரிகளைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

உட்கருவைப் பார்க்க மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயம். சாயத்துக்கு முன்னால் ஒரு சொட்டு வினிகர் விட்டால் உட்கரு பளிச்சென்று தெரியும், ஆனால் வரி மங்கிவிடும். அதனால் ஒரே கறியில் இரண்டு ஸ்லைடு போட்டுக்கொள்வது நல்லது. பல செல்கள் ஒன்றாக இணைந்து உருவான இழை என்பதால், எலும்புத் தசையில் ஒரே இழைக்குள் நிறைய உட்கருக்கள், அதுவும் ஓரமாக ஒதுங்கி இருக்கும்.

மென்தசைக்குக் கோழியின் அரைவைப்பை, ஈரலோடு சேர்த்துப் போடுவார்களே அது. பிரிப்பது கஷ்டம், அவ்வளவு கெட்டி. கிழிந்த ஓரத்தில் தேடினால் இரு முனையும் கூரான செல்கள் கிடைக்கும். நடுவில் நீளமான ஒற்றை உட்கரு, வரியே கிடையாது.

ஆட்டு இதயத்தில்தான் பொறுமை வேண்டும். வரி உண்டு, அதனால் வரியை மட்டும் நம்பினால் கோழிக்கால் என்றே தோன்றும். உட்கரு நடுவில் இருக்கிறதா, இழை கிளை விட்டு அடுத்த இழையோடு சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். கிளை பிரியும் இடம் கண்ணில் பட்டுவிட்டால் சந்தேகமே வராது.

இங்கே மழைக்காலத்தில் ஸ்லைடு காய்வதற்குள் பொழுது போய்விடும். மேஜை விளக்கின் அடியில் வைத்துக் காயவைக்கிறேன். லென்ஸில் பூஞ்சை பிடிக்காமலிருக்க நுண்ணோக்கி சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில்தான் இருக்கிறது. மலையில் இருப்பவர்கள் இதை அலட்சியம் செய்யவே கூடாது.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது ஆட்டின் உணவுக்குழாய். குடலைச் சேர்ந்த உறுப்பு, ஆகவே மென்தசை என்றுதான் யாரும் நினைப்போம். மனிதருக்கு மேற்பகுதியில் வரித்தசை (எலும்புத் தசை போலக் குறுக்கு வரி உள்ள தசை), நடுவில் இரண்டும் கலந்து, கீழே மென்தசை. ஆட்டின் குழாயில் வயிற்றுப் பக்கத்து முனையிலிருந்து ஒரு துண்டு வெட்டிப் பிரித்தேன். வெளித்தசை முழுக்கத் தெளிவான குறுக்கு வரிகள், ஓரத்தில் உட்கருக்கள்! அசைபோடும் விலங்குகளுக்கு இந்தக் குழாய் நெடுகிலும் வரித்தசைதான். விழுங்கிய இரையை வேகமாக வாய்க்குத் திருப்பி ஏற்ற வேண்டுமே, மெதுவாகச் சுருங்கும் மென்தசைக்கு அந்த வேகம் வராது. உறுப்பின் பெயரை வைத்துத் தசையை ஊகிக்காமல், துண்டை வெட்டிப் பார்ப்பதில் உள்ள சுகமே இதுதான்.

பறவைகளின் உணவுக்குழாயில் மென்தசைதான் இருக்கும். கோழிக் கழுத்தை அப்படியே வெட்டாமல் தரும்படி கடை அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கிடைத்ததும் இரண்டையும் ஒரே ஸ்லைடில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.