முதுகுக்குப் பின்னால் சூரியன்

புகைப்படக் கழகத்தில் இருந்த எவருக்கும் இந்த வரிகள் இன்றும் மனப்பாடம்: சூரியன் உன் முதுகுக்குப் பின்னால் நிற்கட்டும், ஆளை நடுவில் வைக்காதே, அடிவானம் சரியக் கூடாது, கை ஆடும் வேகத்தில் எடுக்காதே. சுருளுக்கு 36 படம்தான் என்ற காலத்தில் ஒன்றுகூட வீணாகக் கூடாதென்று கழகத்தில் கற்பித்த சேர் போட்ட கட்டுப்பாடு அது. இப்போது டிஜிட்டல் கமரா வைத்திருக்கும் நம்மவர்களும் பிள்ளைகளுக்கு அதையே ஒப்புவிக்கிறார்கள். ஒரு விதி எந்தக் கோளாறைத் தடுக்க வந்தது என்று கேட்டால்தான் அதை எங்கே கைவிடலாம் என்பது தெரியும்.

சூரியனையே எடுங்கள். பழைய பெட்டிக் கமராவில் ஷட்டர் வேகம் பெரும்பாலும் ஒன்றுதான், லென்ஸின் துவாரமும் சிறிது, பிலிமும் மந்தம். வெயில் முகத்தில் நேரே அடித்தால்தான் படம் விழும். கண் இடுங்கும், முகம் தட்டையாகும். அதற்கு வேறு வழி இருக்கவில்லை. இன்று ஆளைத் திருப்பிச் சூரியனை அவர் முதுகுக்கு அனுப்பலாம். ஆனால் கமராவின் ஒளிமானி பின்னணி வெளிச்சத்தை நம்பி முகத்தை இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, +1 முதல் +1.5 வரை கூட்டுங்கள். லென்ஸில் வெயில் நேரே படாமல் கையால் மறையுங்கள். இல்லையேல் படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் வெளுக்கும். வானம் முற்றாக வெளுத்துப் போனால், சென்சர் தரவைப் பதப்படுத்தாமல் சேமிக்கும் ரோ கோப்பிலும் மீளாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கை ஆட்டத்துக்கான விதி, ஷட்டர் வேகம் லென்ஸின் குவியத் தூரத்துக்குக் குறையக் கூடாது என்பது: 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 1/50 விநாடி. 35 மில்லிமீட்டர் பிலிமில் எடுத்துச் சிறிதாக அச்சிட்டவர்களின் கணக்கு இது. அந்தப் பிலிமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சரில் அதே லென்ஸுக்கு 1/80 வேண்டும். இந்த விதியை வேண்டுமென்றே மீறுவதுதான் பேனிங். ஓடும் சைக்கிளை 1/15 வேகத்தில் பின்தொடர்ந்தால் ஓட்டுநர் தெளிவாகவும் பின்னணி கோடுகளாகவும் வரும். கால்களை அசைக்காமல் இடுப்பிலிருந்து திரும்புங்கள். பொத்தானை அழுத்துமுன்பே திரும்பத் தொடங்குங்கள், அழுத்திய பின்னும் நிறுத்தாதீர்கள். பலருக்குப் படம் கெடுவது அந்தக் கடைசி இடத்தில்தான். நடுக்கத்தடுப்பைப் பேனிங் நிலைக்கு மாற்றுங்கள், அந்த நிலை இல்லையென்றால் அணையுங்கள். நடுப்பகலில் இன்னொரு சிக்கல்: ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, எஃப் எண் (கூடினால் லென்ஸ் துவாரம் சிறுக்கும்) 11 வைத்தால் வெயிலுக்கு ஏறத்தாழ 1/200 தேவை. 1/15க்கு இறங்க ஒளியை நான்கு ஸ்டொப் (ஒவ்வொரு ஸ்டொப்பும் பாதியாக்கும்) குறைக்கும் என்டி பில்டர் என்ற கருங்கண்ணாடியை லென்ஸில் போட வேண்டும். அதை விட்டு எஃப் 22க்கு மூடினால் சிறு துவாரத்தின் விளிம்பில் ஒளி வளைவதால் கூர்மை குறைந்துவிடும்.

ஆளை நடுவில் வைக்காமல் சட்டத்தின் மூன்றிலொரு பங்குக் கோட்டில் வைக்கச் சொல்லும் மூன்றிலொரு பங்கு விதி 1797இல் ஆங்கில ஓவியர் ஜோன் தோமஸ் ஸ்மித் இயற்கைக் காட்சி ஓவியங்களுக்காக எழுதியது. நேரே பார்க்கும் முகத்துக்கு நடுவிடம் பெரும்பாலும் பொருந்தும். அடிவானத்தை இரண்டு பாகை சரித்தால் கவனக்குறைவு என்பார்கள். சரிப்பதென்றால் பத்துக்கு மேல் சரியுங்கள். தெளிவின்மைக்காக 1860களில் திட்டு வாங்கிய புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் (1879இல் இலங்கையில் காலமானவர்) இன்று அருங்காட்சியகங்களில் தொங்குகிறார். அதற்காக ஃபோகஸ் தவறிய படமெல்லாம் கலை என்று வாதாட வேண்டாம். அவர் முகத்தின் ஒளியை அறிந்து வைத்திருந்தார்.

தன் வழியைத் தேடுபவர் ஒரே லென்ஸை வைத்துக்கொண்டு, மாதம் ஒரு விதியை மட்டும் மீறிப் பார்க்கலாம். ஒரே காட்சியை விதிப்படி ஒன்று, மீறி ஒன்று எடுங்கள். மற்ற அமைப்புகளைத் தொடாதீர்கள். இரண்டு அமைப்புகளை ஒரேயடியாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. தெரிவைத் திரையில் செய்ய வேண்டாம். பெருக்கிப் பார்க்கும் கண் கூர்மையை மட்டுமே தேடும். அஞ்சலட்டை அளவில் அச்சிட்டு மேசையில் பரப்பி ஒவ்வொன்றாக விலக்குங்கள். எஞ்சுபவற்றின் பின்புறம் வேகத்தையும் எஃப் எண்ணையும் மென்மையான பென்சிலால் குறியுங்கள். பேனா மை அடுத்த படத்தில் ஒட்டிவிடும்.