நீக்கச் சொன்ன பதினோராம் வாக்கியம்

பதினோராவது வாக்கியத்தை எடுத்துவிடலாம் என்று முதலில் சொன்னது நான்தான். மருத்துவக் கல்லூரி ஒன்றின் சமூக மருத்துவத் துறையில் புள்ளியியல் ஆசிரியையாக இருந்த காலத்தில் எத்தனையோ ஆய்வு வினாத்தாள்களிலிருந்து எத்தனையோ வாக்கியங்களை நீக்கச் சொல்லியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் என்னைவிட்டுப் போகாதது அந்த ஒரு வாக்கியம்தான்.

2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முதுநிலை மாணவி ஒருவர் ஆய்வேட்டுத் தலைப்போடு என் அறைக்கு வந்தார். கருணைக் கொலை குறித்து மருத்துவர்களின் மனப்பான்மையை அளக்க வேண்டும் என்றார். முந்தைய ஆண்டு மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்திருந்தது. தனக்கு நினைவு தப்பினால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையும் அதில் வந்தது. மருத்துவர்கள் அந்தத் தீர்ப்பை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று அறிய அந்தப் பெண்ணுக்கு உண்மையான ஆவல் இருந்தது. தலைப்புக் கிடைத்தால் போதும் என்று வருகிறவர்கள் பலரைப் பார்த்த எனக்கு, அதுவே மகிழ்ச்சியாக இருந்தது.

மனப்பான்மையை அளப்பது ரத்த அழுத்தத்தை அளப்பதுபோல் நேரடியான வேலை இல்லை. 1932இல் அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் காட்டிய வழிதான் இன்றும் பெரும்பாலும் நடக்கிறது. ஒரு பொருளைப் பற்றிப் பல வாக்கியங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘முழுமையாக உடன்படுகிறேன்’ என்பதிலிருந்து ‘முற்றிலும் மறுக்கிறேன்’ என்பது வரை ஐந்து கட்டங்கள் போடுவோம். எதைக் கேட்டாலும் தலையாட்டுகிறவரைக் கண்டுகொள்ளச் சில வாக்கியங்களை எதிர்ப்பக்கமாகத் திருப்பி எழுதுவோம். பிறகு கட்டங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை எண் கொடுத்து, திருப்பி எழுதியவற்றுக்கு அந்த எண்ணையும் திருப்பிக் கூட்டினால் ஒரு மதிப்பெண் வரும். இருபது வாக்கியங்கள் எழுதினோம்.

முன்னோட்டத்துக்காகச் சில மருத்துவர்களை நேரில் உட்காரவைத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் உரக்கப் படித்து, மனத்தில் தோன்றுவதை அப்படியே சொல்லக் கேட்டோம். முதல் நாளே தலைப்பில் இடறினோம். ‘யூதனேசியா’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு நல்ல சாவு என்று பொருள். நம்மிடமும் நல்ல சாவு என்ற பேச்சு உண்டு. பேரன் பேத்தி எடுத்து நிறைந்த வயதில் போனால் கல்யாணச் சாவு என்று மேளம் வைத்து எடுக்கிறோம். ஆனால் இந்தப் பொருளுக்கு மட்டும் தமிழில் கொலை என்று பெயர் வைத்தோம். முன்னால் கருணையை ஒட்டவைத்தாலும் பின்னால் நிற்கும் சொல்லைத்தான் கை பார்க்கிறது. ஆங்கில வினாத்தாளில் நடுக்கட்டத்தில் குறியிட்ட ஒரு மயக்கவியல் மருத்துவர், அதே வாக்கியத்தைத் தமிழில் படித்துக் காட்டியதும் பேனாவை எடுத்துக் கடைசிக் கட்டத்துக்கு மாற்றினார். “கொலைக்கு நான் எப்படி அம்மா உடன்பட முடியும்?” என்றார். நோயாளியின் குடும்பத்தோடு அவர் நாள் முழுவதும் பேசுவது தமிழில்தான். அப்படியானால் எந்தத் தாளில் இருப்பது அவருடைய மனம்? எனக்கு அன்று விடை தெரியவில்லை.

விருதுநகர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பொது மருத்துவர் இருபது வாக்கியங்களிலும் ஒரே திசையில் நின்றார். எதற்கும் இடம் கொடுக்கவில்லை. மத நம்பிக்கையாக இருக்கும் என்று நினைத்தேன். அவராகவே தலைக்கூத்தலைப் பற்றிப் பேசத் தொடங்கினார். முதியவரின் சாவை வரவழைக்க எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீரில் தலைமுழுகவைத்து இளநீர் கொடுக்கும் அந்த வழக்கத்தைப் பற்றி 2010 வாக்கில் நாளிதழ்கள் எழுதியபோது ஊரெல்லாம் அதிர்ந்தது. அவருக்கு அது சிறுவயதிலேயே தெரியும். “எங்கள் அப்பத்தாவுக்குச் செய்தார்கள். இழுத்துக்கொண்டு கிடக்கிறது, பார்க்கச் சகிக்கவில்லை என்றார்கள். அதற்கும் கருணை என்றுதான் பெயர் சொன்னார்கள். கிழவிக்குப் பேச்சு இருந்தது மேடம். யாரும் அவளைக் கேட்கவில்லை.” அவர் குறியிட்ட கட்டங்களைக் கூட்டினால் வரும் எண்ணும், தண்டனைக்கு அஞ்சி எதற்கும் இடம் கொடுக்காத இன்னொருவரின் எண்ணும் ஒன்றாகவே இருக்கும். லிக்கர்ட் முறையின் இந்தக் குறையை நான் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அன்றுதான் அது எனக்கு உறைத்தது.

அச்சம் வேறு வழியிலும் வந்தது. வயது, பாலினம், துறை, அனுபவ ஆண்டுகள் என்று வழக்கம்போல் முதல் பக்கத்தில் கேட்டிருந்தோம். பெயர் கேட்கவில்லையே என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். “இந்தக் கல்லூரியில் ஐம்பது வயதைத் தாண்டிய பெண் நரம்பியல் மருத்துவர் நான் ஒருத்திதான், தெரியுமா?” என்று ஒருவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னது முழுக்கச் சரி. துறையை எடுத்துவிட்டு, வயதைப் பத்தாண்டு இடைவெளிகளாக மாற்றி, நூலக வாசலில் பூட்டிய பெட்டி வைத்தோம். அதன் பிறகுதான் தாள்கள் வரத் தொடங்கின.

தாள்கள் வந்து சேர்ந்ததும் வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று கிரோன்பாக் ஆல்ஃபா கணக்கிட்டோம். 0.7 வந்தால் போதும் என்பது வழக்கம். எங்களுடையது அதற்குச் சற்றுக் கீழே நின்றது. எந்த வாக்கியத்தை எடுத்தால் எண் ஏறும் என்று மென்பொருளே பட்டியல் தரும். பட்டியல் பதினோராவதைக் காட்டியது: ‘குணமாக வாய்ப்பில்லை என்று உறுதியான நோயாளிக்குக் குடும்பத்தின் சம்மதத்துடன் வென்டிலேட்டரை விலக்குவது சரியே.’ ஊசி போட்டு மரணத்தை வரவழைக்கலாம் என்ற வாக்கியங்களைக் கடுமையாக மறுத்த பலர் இதற்கு உடன்பட்டிருந்தார்கள். அவற்றுக்குத் தாராளமாக உடன்பட்ட சிலர் இதை மறுத்திருந்தார்கள். கூட்டத்தோடு சேராத வாக்கியம். “எடுத்துவிடம்மா, எண் சரியாகிவிடும்” என்றேன்.

மாணவி பதில் சொல்லவில்லை. அன்று இரவு எட்டு மணிக்கு மருத்துவமனைப் பின்வாசலுக்கு வர முடியுமா என்று கேட்டார். போனேன்.

ஆம்புலன்ஸ் ஒன்று கதவு திறந்து நின்றது. உள்ளே ஒரு பெரியவர், தொண்டையில் குழாயோடு. குழாயின் முனையில் ஆம்பு பை, கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை. முன்னோட்டத்தில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்து, கருணைக் கொலை மருத்துவத்துக்கே துரோகம் என்று சொன்ன மூத்த மருத்துவர், பெரியவரின் மகனுடைய கையைப் பிடித்து அந்தப் பையை அமுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். “அவசரப்படாதே தம்பி. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எண்ணிவிட்டு அமுக்கு.” மகனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வாய்க்குள் எண்ணினான். மருத்துவ ஆலோசனைக்கு மாறாகத் தாங்களே அழைத்துச் செல்வதாக அவன் கையெழுத்திட்ட தாள் உள்ளே கோப்பில் சேர்ந்திருந்தது. உண்மையில் ஆலோசனையே அதுதான். “இனி ஒன்றும் இல்லை, வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுங்கள்” என்று சொல்லப்பட்டிருந்தது. நம் ஊரில் இதைச் ‘சொல்லி அனுப்பிவிட்டார்கள்’ என்போம். வீட்டுக்குப் போய், உறவெல்லாம் கூடி, வாயில் பால் ஊற்றியதும் ஒரு கை அந்தப் பையை அமுக்குவதை நிறுத்தும். அந்தக் கை மருத்துவருடையதாக இருக்காது.

வண்டி போன பிறகு அவர் எங்களைப் பார்த்தார். சங்கடப்படவில்லை. “சட்டப்படி இங்கேயே விலக்க வேண்டுமானால் மருத்துவமனைக் குழு கூட வேண்டும். பிறகு மாவட்ட ஆட்சியர் இன்னொரு குழு அமைக்க வேண்டும். பிறகு மாஜிஸ்திரேட் நேரில் வந்து நோயாளியைப் பார்க்க வேண்டும். இந்தக் குடும்பம் நிலத்தை அடகு வைத்துப் பத்து நாள் ஆகிறது. உங்கள் இருபது வாக்கியத்தில் பணம் எங்கே இருக்கிறது மேடம்?”

இல்லை. நாங்கள் வலியைக் கேட்டிருந்தோம், மதத்தைக் கேட்டிருந்தோம், சட்டத்தைக் கேட்டிருந்தோம். பணத்தைக் கேட்கவே இல்லை.

அவர் பதினோராவது வாக்கியத்தைக் கருணைக் கொலையாகவே எண்ணவில்லை என்பது அந்த வாசலில்தான் எனக்குப் புரிந்தது. அவர் அப்படி எண்ணாததில் நியாயமும் இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2018இல் வெளியிட்ட சொல்விளக்க ஆவணம், சிகிச்சையை நிறுத்துவதைக் கருணைக் கொலையின் ஒரு வகையாகச் சொல்வது காலாவதியான வழக்கு என்றே கூறுகிறது. நீதிமன்றங்களோ 2011இல் அருணா ஷான்பாக் வழக்கிலிருந்து அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்திவந்தன. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியாக இருந்து, 1973 நவம்பரில் தாக்கப்பட்டு, 2015 மே மாதம் இறக்கும்வரை ஏறத்தாழ 42 ஆண்டுகள் அதே மருத்துவமனையின் படுக்கையில் கிடந்தவர் அருணா. அவரை இறக்க விடுங்கள் என்று வெளியிலிருந்து ஓர் எழுத்தாளர் வழக்குத் தொடுத்தார். விடமாட்டோம் என்று அவரைக் கவனித்த செவிலியர்கள் நின்றார்கள். நீதிமன்றம் செவிலியர்களின் பக்கம் நின்றது. ஆனால் உயர் நீதிமன்ற அனுமதியோடு சிகிச்சையை நிறுத்தும் வழியையும் அதே தீர்ப்பில் திறந்துவைத்தது. இரண்டு தரப்பும் அன்பினால்தான் பேசின. எந்தத் தரப்பும் அருணாவைக் கேட்டிருக்க முடியாது.

பதினோராவதை எடுக்கவில்லை. ஆல்ஃபா குறைவாகவே இருக்கட்டும், ஏன் குறைகிறது என்று ஓர் அத்தியாயம் எழுது என்றேன். ஒரு பொருளைப் பற்றிய ஒரே மனப்பான்மை என்று நாங்கள் அளக்கப் போனது குறைந்தது மூன்று பொருள்களாக இருந்தது: ஊசி போடுவது, கருவியை விலக்குவது, கருவியைத் தொடங்காமலே இருப்பது. ‘சரியா’ என்பதும் ‘நீங்கள் உங்கள் கையால் செய்வீர்களா’ என்பதும் வேறு வேறு கேள்விகள். எண்ணை ஏற்றுவதற்காக நான் வெட்டச் சொன்ன இடத்தில்தான் அந்த ஆய்வேட்டின் உயிர் இருந்தது. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் குறைந்த ஆல்ஃபாவைப் பற்றி நீண்ட நேரம் கேட்டார். அந்தப் பெண் வண்டியைப் பற்றியும் பையைப் பற்றியும் சொன்னதும் அவர் மேலே கேட்கவில்லை.

2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நடைமுறையை எளிதாக்கியது. மாஜிஸ்திரேட் நேரில் வர வேண்டியதில்லை, தகவல் தெரிவித்தால் போதும். இரண்டாம் குழுவையும் மருத்துவமனையே அமைக்கலாம். குழுக்கள் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். செய்தி வந்த வாரம் அந்த மாணவி தொலைபேசியில் அழைத்தார். இப்போது வேறு ஊரில் பணிபுரிகிறார். வினாத்தாளை மறுபடி பயன்படுத்தப்போவதாகவும், பணத்தைப் பற்றி மூன்று வாக்கியங்கள் சேர்த்துவிட்டதாகவும் சொன்னார். கடைசியில் இன்னொன்றும் சேர்க்க வேண்டும், எப்படி எழுதுவது என்று கேட்டார். இருவரும் தொலைபேசியிலேயே திருத்தித் திருத்தி எழுதினோம்.

‘நீங்கள் கடைசியாகக் கவனித்த இத்தகைய நோயாளியிடம், அவருக்கு நினைவும் பேச்சும் இருந்தபோது, அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டீர்களா?’

“இதற்கு எத்தனை கட்டம் மேடம், ஐந்தா?” என்றார்.

இரண்டு போதும் என்றேன்.