மஞ்சள் பூ புதர்: பெயர் சொல்லும் முன் இலையைப் பாருங்கள்

பூவை மட்டும் படமெடுத்து "இது என்ன செடி?" என்று கேட்டால் சரியான பதில் கிடைப்பது கடினம். செயலிகளும் அங்கேதான் தடுமாறுகின்றன. நம் ஊர்த் தோட்டத்தில் புனல் வடிவ மஞ்சள் பூ என்றால், பெரும்பாலும் டெக்கோமா, மஞ்சள் அரளி, அலமண்டா ஆகிய மூன்றில் ஒன்று.

ஒரே காம்பில் ஐந்தோ ஏழோ சிற்றிலைகள், ஓரமெல்லாம் ரம்பப் பல், கிள்ளினால் பால் இல்லை: டெக்கோமா. ஒல்லியான நீள நெற்றுகளும் தொங்கினால் சந்தேகமே வேண்டாம்.

ஒரு கணுவில் மூன்று நான்கு பளபளப்பான இலைகள் வட்டமாக நின்றால் அலமண்டா. காய்த்தால் காயில் முள் இருக்கும்.

இலை விரல் அகலம்கூட இல்லாமல் 10–15 செ.மீ. நீண்டு, கிளையைச் சுற்றி ஒவ்வொன்றாக அமைந்திருந்தால் மஞ்சள் அரளி. பூ முழுதாக விரியாது. பச்சைக் காய் பழுத்துக் கறுக்கும். இதை அடையாளம் தெரியாமல் விடவே கூடாது. செடி முழுவதும் விஷம், விதை மிகக் கொடியது. இதயத் துடிப்பையே குலைக்கும். இலங்கையில் இந்த விதையால் நேர்ந்த மரணங்கள் பல. குழந்தை கடித்துவிட்டால் வாந்தி வருகிறதா என்று காத்திருக்காதீர்கள், வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள். காயோடு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மஞ்சள் அரளி, அலமண்டா இரண்டிலும் பால் வரும். கண்ணில் படாமல் பார்த்து, கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கேட்கும்போது நான்கு படம் போடுங்கள்: முழுப் புதர், இலை கிளையில் சேரும் கணு, பக்கவாட்டில் பூ, காய்.